இரண்டாவது மணல் பெட்டி

அன்றைக்கு இங்கே இருந்தவர்கள் மொத்தம் பத்துப் பேர், சார். டாக்டர் மரகதம் அம்மா ஒருவர். படிக்க வந்தவர்கள் ஏழு பேர்: கல்லூரி ஆசிரியைகள் இருவர், ஹோமியோபதி டாக்டர் ஒருவர், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிற அம்மா ஒருவர், ஒரு பாதிரியார், கம்பெனிக்கு ஆள் எடுக்கிற வேலையில் இருக்கும் ஹரிஹரன், அரசு ஆஸ்பத்திரி மனநோய் வார்டு நர்ஸ் ஜெசிந்தா. ஆயிற்றா, எட்டு. காலையில் ஒரு நோயாளி வந்து, மற்றவர்கள் வருவதற்குள் போய்விட்டார். ஒன்பது. பத்தாவது நான். சடையப்பன். இங்கே அட்டெண்டர்.

உட்காருங்கள் சார். உங்கள் பெண் உள்ளே போய் ஆறு நிமிடம்தான் ஆகிறது. ஐம்பது நிமிடம் ஆகும். நடந்துகொண்டே இருந்தாலும் ஐம்பதுதான், உட்கார்ந்தாலும் ஐம்பதுதான். கதவு இடுக்கில் பொம்மைகளைப் பார்த்துவிட்டு, "இதென்னங்க வைத்தியம், பொம்மை வெச்சு விளையாடறதா?" என்று கேட்டீர்களே, அதற்குத்தான் சொல்ல வந்தேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. பேசினால் சரியாகப் பேச வேண்டும் என்று நினைப்பேன், அதனாலேயே பேசாமல் இருந்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு சரி. முப்பத்தோரு வருஷம் நூல் மில்லில் ஸ்டோர்ஸில் இருந்தேன். திருகாணி, வாஷர், பெல்ட். எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பது. அந்த வேலை போனபிறகு இந்த வேலை. இங்கே ஆறு வருஷம்.

உள்ளே இரண்டு மரப்பெட்டிகள் இருக்கின்றன, மேஜை மேல். உட்பக்கம் நீல பெயிண்ட். அதில் சலித்த ஆற்று மணல். ஜன்னல் பக்கம் இருப்பதில் காய்ந்த மணல், சுவர்ப்பக்கம் இருப்பதில் கொஞ்சம் தண்ணீர் தெளித்த மணல். அலமாரியில் பொம்மைகள் முந்நூற்று எண்பத்தாறு. ராஜா, ராணி, கிழவன், பாம்பு, புலி, வீடு, பாலம், லாரி, எல்லாம். வருகிறவர்கள் வேண்டியதை எடுத்து மணலில் வைப்பார்கள். டாக்டர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். வாயால் சொல்ல முடியாததைக் கை சொல்லிவிடுமாம். அவர்கள் போனபிறகு ஒரு போட்டோ. அதற்குப் பிறகு நான் பொம்மைகளை எடுத்து, துடைத்து, இடத்தில் வைத்து, எண்ணிவிட்டுப் பூட்டுவேன்.

இதற்கு அம்மா வைத்த சட்டம் ஒன்றுண்டு. வைத்தவர் கண் முன்னால் பெட்டியைக் கலைக்கக்கூடாது. அவர் சம்மதம் இல்லாமல் வேறு யாரும் அதைப் பார்க்கக்கூடாது. அடுத்தவர் துணி மாற்றும்போது எட்டிப் பார்க்கிற மாதிரியாம். நான் கலைக்கிறேனே, நான் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். நான் பார்ப்பதில்லை சார். எண்ணுகிறேன்.

இந்த வைத்தியத்தை இரண்டு வருஷம் படிக்க வருகிறார்கள். மாதத்தில் ஒரு சனி, ஒரு ஞாயிறு. மேல்மனம், அதற்கு அடியில் ஆழ்மனம், அதற்கும் அடியில் உலகத்து மனிதர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தளம். அங்கே சில ஆட்கள் குடியிருக்கிறார்களாம். பெற்றெடுக்கிற தாய், விழுங்குகிற தாய், வீரன், வழி சொல்கிற கிழவன், நாம் வேண்டாம் என்று தள்ளினதையெல்லாம் சுமந்துகொண்டு பின்னால் வருகிற ஒருவன். தொல்படிவம் என்று அம்மா போர்டில் எழுதுவார்கள். நான் டீ கொண்டுபோகும்போது காதில் விழும். மூன்று தடவை முழுப் படிப்பும் எனக்குக் காதில் விழுந்துவிட்டது. படிக்கிறவர்கள் முதல் மாதம் பாம்பை எடுப்பார்கள். ஆறாவது மாதம் கிணற்றை எடுப்பார்கள். கடைசி மாதம் பெரிய ஞானம் வந்தமாதிரி வெறும் மணலைக் கையால் தடவிவிட்டுப் போவார்கள். கடைசி மாதம் எனக்கு வேலை குறைவு.

அந்தக் கிழவன் பொம்மை மூன்றுதான் உண்டு. மூன்றுக்கும் சண்டை. ஹரிஹரன் ஒரு தடவை என் தோளில் கை போட்டு, "நாலாவது இவர்தான், தூக்கி வெச்சிடுங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

என் குறையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததைச் சொல்கிறேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். தூங்குகிற வீட்டுக்குள் வருகிற மாதிரி வருகிறார்கள். ஹரிஹரன்கூட "ஐயா" என்கிறார். முன்பெல்லாம் "தாத்தா, டீ" என்பார், எனக்கு அதுவே நன்றாக இருந்தது. அம்மாவோ, நேரம் குறிக்கிற நோட்டில் வியாழக்கிழமை நாலு மணியைக் காலியாக விட்டுவிட்டார்கள். "யாரும்மா வர்றாங்க?" என்று கேட்டேன். "அது உங்களுக்கு, ஐயா. வந்தா வாங்க, வராட்டியும் அது உங்களுக்குத்தான்" என்றார்கள். ஏழு வியாழன் போய்விட்டது. வெளியே உங்களைப்போல எத்தனை பேர் நேரம் கிடைக்காமல் காத்திருக்கிறார்கள். வீண்தானே? சொல்லுங்கள்.

சரி. அந்தச் சனிக்கிழமை நடந்த பரீட்சைக்கு வருகிறேன்.

அதில் தேறினால்தான் தனியாக நோயாளியைப் பார்க்கலாம் என்று அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். இரண்டு தடவைதான் எழுதலாம். ஜெசிந்தா முந்தின வருஷம் எழுதி, தேறவில்லை. இது இரண்டாவது. அந்தப் பெண் வார்டில் பதினாலு வருஷமாக நர்ஸ். கையெழுத்து வாங்கி வந்தால் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுகிற வேலைக்கு மாற்றித் தருவதாகப் பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். "ஊசி போட்டுப் படுக்க வைக்கறதுலயே என் காலம் போயிடக் கூடாதுங்கய்யா" என்று ஒருநாள் சொன்னது. நான் பொம்மை எண்ணும்போது கூடவே நின்று எண்ணுகிற ஒரே ஆள் அதுதான். தப்பாக எண்ணும். நூற்றைம்பது தாண்டினால் பேச ஆரம்பித்துவிடும். மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன்.

பரீட்சை எப்படியென்றால், காலையில் ஒரு நோயாளி, எழுதிக் கொடுத்த சம்மதத்தோடு, பெட்டியில் பொம்மை வைத்துவிட்டுப் போய்விடுவார். படிக்கிறவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் இருபது நிமிடம் பார்க்க வேண்டும். ஆள் யார், ஆணா பெண்ணா, என்ன வயது, ஒன்றும் சொல்லமாட்டார்கள். பெட்டியைப் பார்த்தே எழுத வேண்டும், நாலு பக்கம். மத்தியானம் அம்மா எல்லாவற்றையும் சத்தமாகப் படிப்பார்கள். பிறகு அந்த ஆளின் கதையைச் சொல்வார்கள். எவ்வளவு கிட்டே வந்தார்கள் என்று பார்த்து முடிவு.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை. மாதம் ஒருமுறை பொம்மைகளைக் கழுவுகிற நாள். கழுவும்போது உடைந்தவை தெரியும். அவற்றைத் தனியாக ஓர் அலுமினியத் தட்டில் வைப்பேன், பசை போட்டு ஒட்டுவதற்கு. தட்டைக் கீழ்வீட்டுக்காரர் எடுத்துப் போயிருந்தார். அதனால் சுவர்ப்பக்கத்து ஈர மணல் பெட்டியில் வைத்தேன். அது ஒரு வழி சார், மணலில் கொஞ்சம் புதைத்து வைத்தால் ஒட்டின இடம் அசையாது. கை உடைந்த பெண், கால் போன குதிரை, விரிசல் விட்ட பாலம், அந்த மாதிரி. வைத்துவிட்டுத் தூசு விழாமல் துணி போட்டு மூடினேன். பசை டப்பாவைத் திறந்தால் காய்ந்து கட்டியாகக் கிடந்தது. திங்கட்கிழமை ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு மட்டும் எண்ணவில்லை. ஆறு வருஷத்தில் அந்த ஒருநாள். அசதி. வேறொன்றுமில்லை. அது எந்தத் தேதி என்றுகூட நான் யோசிக்கவில்லை.

எண்ணிக்கையில் எனக்குத் தப்பு வராது, சார். மில்லில் முப்பத்தோரு வருஷத்தில் ஒரு வாஷர் குறைந்ததில்லை. என் தம்பி பரமசிவம் கடைசியாக வந்து கதவைத் தட்டினானே, பதினேழு வருஷம் ஆகிறது, அது பதினோரு தட்டு. இப்போதும் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். அவனுக்கு மனசு சரியில்லை. ராத்திரி பகல் தூங்கமாட்டான், யாரையும் தூங்க விடமாட்டான். மத்தியானம் பீடி வாங்க வெளியே போனான். ஒரு மணி நேரம் கண்ணை மூடலாம் என்று தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுத்தேன். தட்டினான். முதலில் மூன்று, கொஞ்சம் விட்டு ஐந்து, பிறகு மூன்று. பதினொன்று. கணக்குச் சரிதானே? எழுந்து திறந்தபோது தெருவில் ஆளில்லை. அதற்குப் பிறகு வரவில்லை. எண்ணிக்கைக்காகச் சொன்னேன்.

சனிக்கிழமை பத்தரைக்கு ஆரம்பித்தார்கள். நோயாளி ஜன்னல் பக்கத்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதையும் நான் துணி போட்டு மூடினேன். உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் நானே துணியை எடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். முடிந்ததும் போய் மூடுவேன். ஆறு பேர் ஆயிற்று. பன்னிரண்டரைக்கு ஜெசிந்தா முறை. அந்த நேரம் பார்த்துக் கீழே தண்ணீர் கேன் வந்துவிட்டது. "அய்யா, மேல தூக்க ஆள் வருமா?" என்று கேன்காரன் கத்துகிறான். நான் இறங்கிப் போனேன். அந்தப் பெண் தானே உள்ளே போய், தானே துணியை எடுத்திருக்கிறது. சுவர்ப்பக்கம். நான் வந்தபோது திரை போட்டிருந்தது. உள்ளே போகக்கூடாது, போகவில்லை. வெளியே வரும்போது அதுவே ஒழுங்காக மூடிவிட்டு வந்தது. கண் கலங்கியிருந்தது. பரீட்சை பயம் என்று நினைத்தேன்.

இரண்டு மணிக்கு அம்மா படிக்க ஆரம்பித்தார்கள். ஆறு பேரும் சிங்கத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். மலை, மலை உச்சியில் சிங்கம், கீழே ஓர் ஆட்டுக்குட்டி. ஒருவர் சிங்கத்தை அப்பா என்றார், ஒருவர் கோபம் என்றார். பாதிரியார் ஆட்டுக்குட்டியை விடவே இல்லை. ஏழாவது தாளை எடுத்து இரண்டு வரி படித்துவிட்டு அம்மா நிறுத்திவிட்டார்கள்.

"ஜெசிந்தா, சிங்கம் எங்கே?"

"சிங்கமா? சிங்கம் இல்லையே மேடம்."

ஹரிஹரன் சிரித்துவிட்டார். "உனக்கு மட்டும் தனியா ஒரு பேஷன்ட்டா? நேத்தே வீட்ல எழுதிட்டு வந்துட்டியா?"

"நான் பார்த்ததைத்தான் எழுதியிருக்கேன்" என்றது.

"பார்க்காம எழுதியிருந்தா இப்பவே சொல்லிடு" என்றார்கள் அம்மா. அம்மா கோபப்பட்டால் சத்தம் குறையும். அன்றைக்கு ரொம்பக் குறைந்திருந்தது.

நான் டம்ளர் எடுக்க வந்தவன், கதவருகில் நின்றிருந்தேன். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் தப்பு என்னுடையது. "அம்மா, அது பக்கத்துப் பெட்டியைப் பார்த்திருக்கும். உடைஞ்சதை எல்லாம் ஒட்டறதுக்கு அதுல வெச்சிருந்தேன்" என்றேன்.

காரியம் முடிந்தது, மறுபடி பார்க்கச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். வேறு மாதிரி ஆகிவிட்டது. ஹரிஹரன் மேஜையைத் தட்டிச் சிரிக்கிறார். "பசை போட வெச்சதுக்குப் போய் நாலு பக்கமா! ஆழ்மனம் எல்லாம் தெரிஞ்சுதா ஜெசிந்தா அதுல?" கல்லூரி ஆசிரியை ஒருவர் வாயை மூடிக்கொண்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டது.

அம்மா சிரிக்கவில்லை. "மறுபடி பாக்கறது இருக்கட்டும். அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு" என்றார்கள். "யாரும் வெக்காத ஒண்ணுல ஒரு மனுஷனைக் கண்டுபிடிக்கறவங்களை நோயாளி முன்னாடி உட்கார வைக்க நான் கையெழுத்துப் போட முடியாது. இல்லாத காயத்தைச் சொல்லிச் சொல்லியே உண்டாக்கிடுவாங்க. அதான் இந்தப் படிப்புல பெரிய ஆபத்து." பிறகு தாளை ஜெசிந்தாவிடமே நீட்டினார்கள். "நீயே படி."

படித்தது. முதலில் எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி. பிறகு சரியாக.

இதை வைத்தவர் வயதானவர், என்று ஆரம்பம். சுற்றிலும் உடைந்தவை, ஆனால் அவை நடுவில் இல்லை, வேலி மாதிரி வெளியே நிற்கின்றன. நடுவில் ஒரு வீடு. வீட்டுக்குப் பின்னால் கட்டில். கட்டிலில் ஒருவர் படுத்திருக்கிறார். வாசலில், மரத்தடியில், கையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நிற்கிறார்.

நான் கேட்டுக்கொண்டே நிற்கிறேன். கட்டிலா? நான் எங்கே கட்டில் வைத்தேன்? கட்டில் உடையவே இல்லையே. அலமாரியில் மூன்றாவது தட்டில் இடது ஓரம் இருக்கும் அது.

"கையைத் தூக்கினது டிராபிக் போலீஸ் பொம்மைதானே?" என்றார் ஹரிஹரன். "நில்லுன்னு சொல்றாரு."

"இல்லைங்க" என்றது ஜெசிந்தா. தாளைப் பார்க்காமல் பேசியது. "ரோட்டுல வெச்சா நில்லுன்னு அர்த்தம். கதவுக்கு நேரா வெச்சிருக்கு. வார்டுல பதினாலு வருஷமா உள்ள இருந்து கதவு தட்டறவங்களைப் பாக்கறேன். அந்தக் கை எனக்குத் தெரியும். அவர் தட்டறாரு. படுத்திருக்கவர் தூங்கலை, முகம் கதவைப் பாத்துத்தான் இருக்கு. இதை வெச்சவர் அந்தக் கட்டில்ல இருந்து இன்னும் எழுந்திரிக்கலைங்க மேடம்."

அம்மா என் பக்கம் திரும்பினார்கள்.

"ஐயா, வீடு, கட்டில் எல்லாம் வெச்சீங்களா?"

"இல்லைம்மா. உடைஞ்சது மட்டும்தான்" என்றேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம். இப்போதும் அப்படித்தான்.

"பாத்தீங்களா" என்றார் ஹரிஹரன்.

அம்மா சொன்னார்கள்: "நான் வந்து பாக்க மாட்டேன். ஒருவேளை அது யாரோ வெச்சதா இருந்தா, அவர் சொல்லாம நான் பாக்கக்கூடாது. நீங்களே போங்க. உடைஞ்சதை மட்டும் எடுத்துட்டு வாங்க. அதுக்கப்புறம் பெட்டியில ஒண்ணும் மிஞ்சலைன்னா, இந்தத் தாளைக் கிழிச்சிடறேன், ஜெசிந்தா வீட்டுக்குப் போகலாம். உடையாதது ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் அது தானா வந்து உட்காராது. யாரோ வெச்சது. அப்ப இவ படிச்சது நிஜமான பெட்டி, நான் கையெழுத்துப் போடறேன். என்ன இருக்குன்னு எனக்குச் சொல்ல வேண்டாம். எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க."

எத்தனை என்று மட்டும். அது எனக்குத் தெரிந்த வேலைதானே.

உள்ளே போனேன். திரையைப் போட்டேன். துணியை எடுத்தேன். செய்தித்தாளை விரித்து, உடைந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். மணலைத் தட்டித் தட்டித்தான் வைத்தேன், அவசரப்படவில்லை. கை போன பெண். கால் போன குதிரை. பாலம். கிரீடம் முறிந்த ராஜா. துடுப்பில்லாத படகு. ஒற்றை இறக்கைக் கொக்கு. வால் போன நாய். அவ்வளவுதான். அதற்குமேல் உடைந்தது இல்லை.

பெட்டியைப் பார்த்தேன். எண்ணவில்லை, பார்த்தேன்.

அலமாரி அங்கிருந்து இரண்டு எட்டு. எந்த இடம் எதற்கென்று கண்ணை மூடிக்கொண்டு வைப்பேன். அரை நிமிட வேலை. மணலைக் கையால் ஒரு தடவு தடவிவிட்டால் சுத்தம். "ஒண்ணுமில்லைம்மா" என்று சொல்லிவிட்டு டம்ளர்களைக் கழுவப் போயிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஜெசிந்தாவே, தான்தான் தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று நம்பியிருக்கும். தப்பாக எண்ணுகிற பெண்தானே. இந்த மெதுவான பேச்சும் வியாழக்கிழமையும் எதுவும் வந்திருக்காது. கட்டிலை எடுக்கக் கையை நீட்டினேன். போலீஸ் பொம்மை இடித்தது. அதன் கை என் மணிக்கட்டில் பட்டது. பிளாஸ்டிக்தான்.

முக்காலியில் உட்கார்ந்தேன். வெளியே யாரோ இருமினார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரம் எதிரில்தான் இருந்தது.

யார் வைத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, சார். அசதியில் கை தானாக எதையாவது எடுத்து வைத்திருக்கும். காலியிடம் இருந்தால் எனக்குப் பிடிக்காது, நிரப்பியிருப்பேன். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் இருப்பதை இல்லை என்று எழுதச் சொன்னால் எனக்கு வராது. மில்லிலேயே வந்ததில்லை.

துணியை மறுபடி போட்டு மூடினேன். செய்தித்தாளைப் பொட்டலமாகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். எட்டுப் பேரும் என்னையே பார்க்கிறார்கள். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்ததே இல்லை. ஜெசிந்தா மட்டும் கொஞ்சம் எழுந்து நின்றிருந்தது, பொட்டலத்தை வாங்கிக்கொள்ளப் போகிற மாதிரி.

"ஒட்ட வேண்டியது எத்தனை, ஐயா?" என்றார்கள் அம்மா.

"ஏழும்மா."

அம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். "பெட்டியில?"

எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"மிச்சம் அஞ்சு."